ரபீரியாவின் இரண்டரை ராத்திரி

எண்ணெய்க் கடை ரபீரியாவிடம் அளவு விஷயத்தில் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. ரோம் நகரத்தில் ஆற்றங்கரை மாட்டுச் சந்தைக்குப் பின்னால் கயிற்றுக்காரர் தெரு இருக்கிறதே, அங்கேதான் அவள் கடை. நாற்பத்தெட்டு படி சேர்ந்தால் ஒரு ஜாடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வோர் அடியாக உள்ள பெட்டி எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் ஜாடி. மூலப் பாத்திரம் குன்றின்மேல் யூபிடர் கோயிலில் பத்திரமாக இருக்கிறது. தன் வெண்கலப் படியை வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கொண்டுபோய் ஒத்துப் பார்த்துக்கொண்டு வருவாள் ரபீரியா. யாரும் கேட்டு அல்ல, அவளுக்கு அதில் ஒரு கர்வம்.

"கொஞ்சம் கை தாராளமா ஊத்தேன் ரபீரியா" என்று எதிர்ச்சாரியில் பயற்றங்கூழ் விற்கும் ஸ்தாத்தியா தினமும் கேட்பாள்.

"என் கை தாராளமானா இன்னொருத்தி படியில குறையும். அந்த இன்னொருத்தி நாளைக்கு நீயாவும் இருக்கலாம்" என்பாள் இவள், படியின் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்படிப்பட்டவள் ராத்திரியை எண்ணுவதில் கோட்டை விட்டாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எதிரி நகரம் கார்த்தேஜ் எரிந்த வருஷத்தில் பிறந்தவள் ரபீரியா. அப்பன் செத்தபோது, ஆப்பியா சாலையில் பன்னிரண்டாவது மைல்கல்லை ஒட்டியுள்ள பொவில்லே ஊரில், இரண்டு யூகெரும் ஒலிவத் தோப்பு அவள் பங்குக்கு வந்தது. ஒரு ஜோடி எருது ஒரு பகலில் உழுது முடிக்கிற நிலம் ஒரு யூகெரும். ஆகக்கூடி, இரண்டு நாள் உழவு. பெரிய சொத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதில் வற்றாத ஓர் ஊற்று இருந்தது. வீடும் மேட்டு நிலமும் அண்ணன் தீத்துஸுக்குப் போயின. கடையில் விற்ற எண்ணெயில் பாதி அந்தத் தோப்பு எண்ணெய்தான். "எங்க எண்ணெய்" என்று அவள் சொல்வதே ஒரு தினுசாக இருக்கும்.

கயிற்று வியாபாரி ஒப்பியுஸை மணந்தாள். நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்ட மாட்டான். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பேச்சைக் கேட்பான் என்பதுதான் குறை. பெரும்பாலும் கடைசியாகப் பேசுகிறவர் அவன் அண்ணன் பெரிய ஒப்பியுஸ்.

நம் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. ஒருவன் கையில் ஒரு வருஷம் இருந்த மாடு அவனுடையதாகிவிடுகிறது அல்லவா, பெண்டாட்டிக்கும் அதே கணக்குத்தான். ஒரு வருஷம் இடைவிடாமல் புருஷன் வீட்டில் இருந்தால் அவன் கைக்குள் போய்விடுவாள். பிறகு அவள் பெயரில் ஒரு சொத்தும் கிடையாது, எல்லாம் அவனுடையது. அவளே சட்டப்படி அவனுக்கு மகள் ஸ்தானம். இதிலிருந்து தப்ப வேண்டுமானால், வருஷம் முடிவதற்குள் மூன்று ராத்திரி புருஷன் வீட்டுக்கு வெளியே தங்க வேண்டும். தங்கிவிட்டால் பழைய எண்ணிக்கை அறுந்து புதிதாகத் தொடங்கும். எழுதி வைத்தவர்கள் பெண்ணைப் பற்றி யோசித்தார்களா மாட்டைப் பற்றி யோசித்தார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஜூன் மாதப் பாதி கழிந்து, அடுப்புத் தெய்வம் வெஸ்தாவின் கோயிலைக் கூட்டிக் குப்பையை ஆற்றில் தள்ளிய பிறகு நடந்த கல்யாணம் அது. அதனால் ஒவ்வொரு ஜூனிலும் நாள் நெருங்குவதற்கு முன்பே ரபீரியா மூட்டை கட்டிக்கொண்டு பொவில்லேக்குப் போய் மூன்று ராத்திரி அண்ணன் வீட்டில் தங்குவாள். தெருவுக்கே தெரிந்த விஷயம் இது, கேலிக்கும் பஞ்சமில்லை.

"ஜூன் மாச ராத்திரி, கண்ணை மூடித் திறந்தா விடிஞ்சிடுது. டிசம்பர்ல கட்டியிருந்தா புருஷன் ஏங்கியாவது போயிருப்பான்" என்பாள் ஸ்தாத்தியா.

அவள் சொன்னதில் பொய்யில்லை. எந்த மாதமானாலும் பகலுக்குப் பன்னிரண்டு மணி, இரவுக்குப் பன்னிரண்டு மணிதான். ஆனால் ஜூன் இரவின் மணி சூம்பிப்போன மணி. டிசம்பர் இரவின் மணியோ இழுத்துக்கொண்டே போகும். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று. ஒரு ராத்திரி என்றால் ஒரு ராத்திரி.

ஒன்பதாவது வருஷம் ஒப்பியுஸ் காய்ச்சலில் விழுந்தான். சாதாரணக் காய்ச்சல் இல்லை, பினாத்துகிற காய்ச்சல். ரபீரியா கடையைச் சாத்திவிட்டு அவன் பக்கத்திலேயே கிடந்தாள். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஈரத்துணி மாற்றுகிற கை மாற்றிக்கொண்டே இருக்க, மனம் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தது. கல்யாண நாளுக்கு முந்தைய ராத்திரி ஒன்று, அதற்கு முந்தையது ஒன்று, அதற்கும் முந்தையது ஒன்று. காய்ச்சல் விட்டு அவன் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்த அன்றைக்குச் சரியாக அந்த மூன்றுதான் பாக்கி இருந்தன. எட்டு வயது மகளை ஸ்தாத்தியாவிடம் ஒப்படைத்துவிட்டு, உச்சி வெயிலில் புறப்பட்டு, பன்னிரண்டு மைலும் நடந்து, இருட்டுவதற்குள் அண்ணன் வாசலில் போய் நின்றாள். மூன்று ராத்திரி தங்கினாள். கல்யாண நாளன்று விடிந்ததும் கிளம்பி வீட்டுக்கு வந்தாள். வந்து, இளைத்துப்போன புருஷனுக்கு முட்டை அவித்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய ஒப்பியுஸ் வந்தார். பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே, "எப்ப கிளம்பினே, எப்ப வந்தே" என்று விசாரித்தார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள். ஒளிக்க என்ன இருக்கிறது? மூன்று ராத்திரி, கணக்குச் சரி.

"சரிதாம்மா, சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், மறுநாள் காலை தம்பியை இழுத்துக்கொண்டு சட்டம் தெரிந்தவர் ஒருவரின் முன்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். காலை நேரத்தில் யார் வேண்டுமானாலும் போய்ச் சந்தேகம் கேட்கலாம். அந்த மனிதர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர். கேட்டவன் யார், எதற்குக் கேட்கிறான் என்பதெல்லாம் அவர் வேலை இல்லை.

அவர் சொன்னது இதுதான். உழவனுக்கு நாள் சூரியன் வந்ததும் தொடங்குகிறது. சட்டத்தின் நாளோ நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. கல்யாண நாளும் நள்ளிரவிலேயே தொடங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் மூன்றாவது ராத்திரியில் முதல் ஆறு மணி பழைய வருஷத்தைச் சேர்ந்தது. நள்ளிரவுக்குப் பின்னால் வரும் ஆறு மணி புது வருஷத்தைச் சேர்ந்தது. வருஷத்துக்குள் அவள் வெளியே தங்கியது இரண்டரை ராத்திரி. இரண்டரை, மூன்று ஆகாது.

ரபீரியா நம்பவில்லை. தானே போய்க் கேட்டாள். அவர் அதையே மறுபடி சொன்னார், கொஞ்சம் வருத்தத்தோடு.

"நடுராத்திரி எப்ப வந்துச்சுன்னு யாருய்யா பார்த்தது? நிழல் பார்த்து மணி சொல்ல அங்க வெயிலா அடிச்சுது?" என்றாள்.

"யாரும் பார்க்க வேண்டியதில்லம்மா. அது பாட்டுக்கு வரும்" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு சொட்டு குறையாமல், ஒரு சொட்டு கூடாமல் பத்து வருஷம் அளந்தவளுக்கு அரை ராத்திரி போயே போய்விட்டது. யாருக்காகப் போனது? கஞ்சி குடிக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்த ஒருத்தனுக்காக. அந்த நினைப்புதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

"இதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கறே? எல்லாம் முன்ன மாதிரிதான். என்ன மாறிடப் போகுது?" என்றான் ஒப்பியுஸ். அவன் உண்மையாகத்தான் சொன்னான். அவன் எதையும் அப்போதைக்கு உண்மையாகத்தான் சொல்வான்.

அடுத்த சந்தை நாளுக்குள் மாறிவிட்டது. தோப்புக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, யாரோ இரண்டு பேர் பத்தடிக் கோலை வைத்துத் தோப்பை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்துகொண்டிருந்ததாகச் சொன்னாள். கூட நின்றவர் பெரிய ஒப்பியுஸ். ஆற்றுப் படகு ஒன்றில் பங்கு சேரலாம், தோப்பை விற்றுவிடு என்று தம்பிக்கு ஓதியிருக்கிறார். காய் கறுத்ததும், பறிப்பு முடிந்த கையோடு விற்பதாகப் பேச்சு.

ரபீரியா சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒப்பியுஸ் பிழைத்திருப்பான். அவள் கயிற்றுக் கிட்டங்கி வாசலில் போய் நின்று, பத்துப் பேர் வேலை பார்க்கிற நேரத்தில், குரலை உயர்த்தாமல் கூப்பிட்டாள்.

"அப்பா, கஞ்சி ஆறுது. வந்து சாப்பிடுங்க."

ஒப்பியுஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான், யாரைக் கூப்பிடுகிறாள் என்று.

"உங்களைத்தான்பா. சட்டம் சொல்லிடுச்சே. நான் உங்க பொண்ணு. பொண்ணு அப்பாவைப் பேர் சொல்லியா கூப்பிடும்?"

கயிறு திரித்துக்கொண்டிருந்தவர்கள் திரித்த கயிற்றை விட்டுவிட்டார்கள். ஒருத்தனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

அன்றிலிருந்து ஓயவில்லை. ஜாடி இறக்கும்போது அப்பா, கடையில் ஆள் நிற்கும்போது அப்பா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்த பெரிய ஒப்பியுஸைப் "பெரியப்பா, இன்னும் ரெண்டு ஒலிவங்காய் வைக்கட்டுமா?" என்று கேட்டாள். மனிதர் எழுந்து போனவர் அந்த மாதம் முழுக்க அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. படுக்கையைச் சுருட்டி மகள் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள். அப்பா அறையில் வளர்ந்த பெண்ணுக்கு என்ன வேலை?

"அப்போ நீ எனக்கு அக்காவா?" என்று மகள் கேட்டாள்.

"சட்டப்படி ஆமா."

"அக்காதானே, அப்போ என்னைத் திட்டக் கூடாது" என்றாள் அவள். யார் வயிற்றில் பிறந்தவள்?

தெரு இதை விடுமா? முடிதிருத்துகிற இடத்தில், "மகளைக் கட்டிக்கிட்ட மகராசன் வந்துட்டார், நாற்காலி போடு" என்றார்கள். குளியல் கூடத்தில் முன்பின் தெரியாதவன்கூட மகள் சௌக்கியமா என்று விசாரித்தான். கயிறு வாங்க வந்த படகுக்காரர்கள் அவன் முகத்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒப்பியுஸ் முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான். கோடை முழுதும் இப்படியே போனது. காய் கறுக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம் கடைக்குள் வந்து, ஜாடிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தான்.

"என்னதான் செய்யணும்ங்கறே?"

"நான் என்னப்பா சொல்றது..."

"அந்த வார்த்தையை விடு. உன் காலைப் பிடிக்கறேன், விட்டுடு."

அப்போதுதான் அவள் படியைக் கீழே வைத்தாள். "உங்க கையை விட்டு என்னை வெளியே விடுங்க. தோப்பைத் திருப்பி எழுதுங்க. பெண்டாட்டியா இருக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சொத்தா இருக்க முடியாது."

மறுபடி அதே சட்டக்காரரிடம் போனார்கள். அவர் வழி சொன்னார். கைக்குள் வந்தவளைச் சும்மா விட முடியாது. நம்பகமான ஒருவனுக்கு விற்க வேண்டும், அவன் வாங்கி, நீதிபதி முன்னால் விடுவிக்க வேண்டும். ஐந்து சாட்சி, தராசு பிடிக்க ஒருவர், ஒரு துண்டு வெண்கலம். சும்மா பேருக்குத்தான் விற்பனை என்றார். நம்பகமானவன் என்றால் யார்? அண்ணன் இருக்கும்போது வேறு யாரைத் தேடுவது?

தீத்துஸ் பொவில்லேயிலிருந்து புது அங்கி போட்டுக்கொண்டு வந்தான். மன்றத்துச் சதுக்கத்தில், நீதிபதியின் மேடைக்குக் கூப்பிடு தூரத்தில், காரியம் நடந்தது. தராசுக்காரர் தராசைப் பிடித்தார். தீத்துஸ் ஒரு கையால் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் என்னுடையவள், இந்த வெண்கலத்தாலும் இந்தத் தராசாலும் வாங்கப்பட்டவள் என்று சொல்லி, வெண்கலத் துண்டால் தட்டைத் தட்டினான். சந்தையில் ஆட்டை வாங்கினாலும் இதைவிட அதிக நேரம் பேசுவார்கள்.

இனி மேடைவரை நடந்து, இவளை விடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தீத்துஸ் நடக்கவில்லை. தோளிலிருந்து கையையும் எடுக்கவில்லை.

"மச்சான், ஒரு பேச்சு இருக்கு" என்றான் ஒப்பியுஸிடம். "தோப்பு இப்ப உங்க பேர்லதானே இருக்கு. அந்த ஊற்றுப் பக்கத்தை எனக்கு எழுதிடுங்க. மேட்டுல தண்ணியில்லாம நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். அப்பன் அன்னைக்குப் பங்கு பிரிச்சதே சரியில்ல. எழுதிடுங்க, நான் இவளை விட்டுடறேன்."

ஒப்பியுஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. நான்கு மாதமாக அவனும் இவளை இப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தான், அதில் ஒன்றும் தப்பிருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை. இன்னொருத்தன் கை அவள் தோளில் கிடப்பதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"கையை எடுடா" என்றான். மச்சானை அவன் டா போட்டது அதுதான் முதல் தடவை. "ஊற்றுதானே, எடுத்துக்கோ. எழுதித் தர்றேன். அவளை விடு."

"தர மாட்டீங்க" என்றாள் ரபீரியா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அதுவரை அவள் அங்கே இருப்பது யாருக்கும் உறைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

"ஊற்று என்னுது. இவர் கொடுக்கவும் முடியாது, நீ வாங்கவும் முடியாது. சட்டத்துல யார் பேர்ல இருந்தா எனக்கென்ன?" என்று சொல்லி, அண்ணன் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டு, சதுக்கத்தின் கல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வாங்கினது நீதானே தீத்துஸ், தூக்கிட்டுப் போ. உங்க அண்ணி கேப்பா, சந்தையில என்ன வாங்கினேன்னு. தங்கச்சியை வாங்கினேன்னு சொல்லு. நான் நடந்து வர மாட்டேன். வாங்கின ஜாடி நடக்குமா?"

உங்க அண்ணி என்றாளே, அது தீத்துஸின் பெண்டாட்டியை. கோபத்தில் முறை தப்பிப்போனது. ஒருவரும் சிரிக்கவில்லை. மீன் விற்கிறவர்களும் வழக்குக்கு வந்தவர்களும் சுற்றி நின்றார்கள். சாட்சி ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். தராசுக்காரர் கிழவர், தட்டு ஆடாமல் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கப்பா, கை வலிக்குது" என்றார்.

ரபீரியா அழுதாள். புருஷன் ஏமாற்றியபோது அழாதவள், அண்ணன் முன்னால் அழுதாள். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. "ஒம்போது வருஷம் உன் வீட்டுக்குத்தானே ஓடி வந்தேன். உன் வீட்டுலதானே பயமில்லாம படுத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

தீத்துஸ் குனிந்து கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல், தரையில் கை ஊன்றித் தானே எழுந்து, அவனுக்கு முன்னால் மேடையை நோக்கி நடந்தாள். அவன் பின்னால் போனான். நீதிபதி முன்னால் சொல்ல வேண்டியதைச் சொன்னான், முணுமுணுப்பாகத்தான், ஆனால் சொன்னான். அன்று மாலைக்குள் தோப்பும் ஊற்றோடு அவள் பேருக்குத் திரும்பியது. ஒப்பியுஸோடு வீட்டுக்குப் போய், மகள் அறையிலிருந்த படுக்கையைத் திரும்பப் பழைய இடத்தில் விரித்தாள். வருஷ எண்ணிக்கை அன்றைக்குப் புதிதாகத் தொடங்கியது.

மறு வருஷம், எண்ணிக்கை முடியப் பத்து நாளுக்கு மேல் இருக்கும்போதே ஒப்பியுஸ் ஆரம்பித்துவிட்டான். காலையில் எழுந்தால், "இன்னும் கிளம்பலையா?" படுக்கப் போனால், "நாளைக்காவது கிளம்பேன்." காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் குளியல் கூடத்துப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவளுடைய மூட்டையைத் தன் கிட்டங்கிக் கயிற்றால் அவனே கட்டினான்.

"தீத்துஸுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

"வேண்டாம். தோப்புல செக்குக் கொட்டகை இருக்கு. அங்கேயே இருந்துக்கறேன்."

"தனியாவா?"

"சட்டம் உங்க வீட்டுல தங்கக் கூடாதுங்குது. யார் வீட்டுல தங்கணும்னு சொல்லல."

அவன் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினான். "மூணு ராத்திரிதானே?"

"நாலு."

"கேக்கறது மூணுதானே?"

"மூணு சட்டத்துக்கு. ஒண்ணு எனக்கு" என்றாள்.

செக்குக் கொட்டகையில் பழைய எண்ணெய் வாசனையும் எலிகளும் இருந்தன. முதல் மூன்று ராத்திரியும் ரபீரியா கண்ணை மூடவில்லை. வாசலில் உட்கார்ந்து, நட்சத்திரங்கள் தலைக்கு மேலே வந்து சரிவதைப் பார்த்து, இதுதான் நடுராத்திரி, இதுதான் நடுராத்திரி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது ராத்திரி இருட்டியதும் படுத்தாள். வெயில் கொட்டகைக்குள் வந்து விழுந்த பிறகும் தூங்கிக்கொண்டிருந்தாள்.